பலர் சேர்ந்து பாவிக்கும் ஷெல்: கட்டளையும் தமிழில், கதையும் தமிழில்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலோ திருநெல்வேலியிலோ ஓர் அறையில் ஐந்தாறு மடிக்கணினிகள் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றில் நாம் எழுதிய சேர்வர் ஓடுகிறது. அது பலர் பாவிக்கும் ஒரு ஷெல், அதாவது தட்டிய கட்டளையை வாங்கி இயக்கும் நிரல். மற்றவர்கள் நெட்கேட் (வலையமைப்பில் எழுத்தை அனுப்பி வாங்கும் சிறு நிரல்) வழியாக உள்ளே வந்து லினக்ஸ் கட்டளைகளை இயக்கலாம், யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கலாம், ஒருவருக்கு மட்டும் செய்தி சொல்லலாம், எல்லாருக்கும் கேட்கக் கூவலாம், தன் கட்டளையின் வெளியீட்டை அடுத்தவர் கையில் கொடுக்கலாம். சி மொழி பழகி முடித்து அடுத்தது என்ன என்று நிற்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான். புறொசெஸ் (ஓடும் நிரல்), பைப் (ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் குழாய்), சொக்கெட் (வலையமைப்பு இணைப்பின் முனை), சிக்னல் (புறொசெஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) நான்கும் இதில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தனித்தனியாகப் படிக்கும்போது தெரியாத பிழைகள் அந்த முட்டலில்தான் வெளியே வரும்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் இருத்துங்கள்: சேர்வர் எந்த ஒருவருக்காகவும் காத்து நிற்கக் கூடாது. கீழே சொல்லப்படும் தொங்கல்களில் (நிரல் அசையாமல் நின்றுவிடும் இடங்களில்) பெரும்பாலானவை இதை மீறியதால் வருபவை. மிச்சம், மூடவேண்டியதை மூடாமல் விட்டதால் வருபவை.

என்னென்ன வேண்டும்

உபுண்டு அல்லது டெபியன் உள்ள ஒரு கணினி, ஜிசிசி (சி கம்பைலர்), நெட்கேட். விண்டோஸில் இருந்து வருபவர்கள் புட்டியைப் பாவிக்கலாம்: இணைப்பு வகை 'ரா', எழுத்துக்குறியீடு யூடிஎஃப்-8. டெல்நெட்டும் வேலை செய்யும். ஆனால் அது வரி முடிவில் 13, 10 என்று இரண்டு பைட் அனுப்பும். நெட்கேட் 10 மட்டும் அனுப்பும். 13ஐ வெட்டாவிட்டால் சரியாகத் தட்டிய கட்டளைக்கே 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று பதில் வரும். அந்த 13 கண்ணுக்குத் தெரியாது என்பதால் பிழையைத் தேடிக் களைத்துப் போவீர்கள். வரி வந்தவுடன் கடைசி 10ஐயும் அதற்கு முன் 13 இருந்தால் அதையும் நீக்குவதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

தமிழ் யூனிகோடில் தட்டப்பட வேண்டும். ரெங்கநாதன் விசைப்பலகையோ தமிழ்99ஓ உங்கள் விருப்பம். வேர்டில் பாமினியில் தட்டியதைப் பிரதி எடுத்து ஒட்டினால் உள்ளே போவது ஆங்கில எழுத்துகளின் பைட்டுகள்தான். அடுத்தவர் திரையில் குழப்பம்தான் தெரியும்.

முதலில் ஒருவருக்கான ஷெல்

வலையமைப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு வரியை வாசி, இடைவெளிகளில் உடை, ஃபோர்க் செய் (புறொசெஸைப் பிரதி எடு: பழையது தாய், புதியது பிள்ளை), பிள்ளைப் புறொசெஸில் எக்ஸெக்விபியை (கேட்ட நிரலை அதில் ஏற்றும் அழைப்பு) அழை, தாய் வெயிட்பிஐடியில் (பிள்ளை முடியும்வரை காக்கும் அழைப்பு) நிற்கட்டும். அறுபது எழுபது வரிக்குள் அடங்கும். எக்ஸெக்விபி வெற்றி பெற்றால் திரும்பி வராது. திரும்பி வந்தால் தோல்வி. அந்த இடத்தில் பிழைச்செய்தி காட்டிவிட்டுப் பிள்ளை உடனே வெளியேற வேண்டும். இதை மறந்தால், தவறாகத் தட்டிய ஒவ்வொரு கட்டளைக்கும் இன்னொரு ஷெல் பிறந்து, வெளியேறும் கட்டளையை நாலைந்து தரம் அடித்தால்தான் வெளியே வர முடியும்.

சூழல் மாறியை (கட்டளை தேடும் பாதை, மொழி போன்ற அமைப்பை) மாற்றுவது, வெளியேறுவது போன்றவற்றைத் தாயே செய்ய வேண்டும். பிள்ளைக்குள் மாற்றியது பிள்ளையோடே போய்விடும்.

பைப்: 10,000 ஓடும், 100,000 தொங்கும்

இரண்டு கட்டளைகளை இணைக்கப் பைப் ஒன்றைத் திறந்து, டூப்2 மூலம் முதலாமவரின் வெளியீட்டை எழுதும் முனையோடும் இரண்டாமவரின் உள்ளீட்டை வாசிக்கும் முனையோடும் பொருத்த வேண்டும். பொருத்தியபின் பழைய டிஸ்க்ரிப்டர்களை (திறந்த கோப்பு, பைப், சொக்கெட்டைக் குறிக்கும் எண்களை) பிள்ளைகளும் மூட வேண்டும், தாயும் மூட வேண்டும். எழுதும் முனை எங்காவது ஒரு புறொசெஸில் திறந்து கிடந்தாலும் வாசிப்பவருக்கு 'முடிந்தது' என்ற தகவல் போகாது.

அடுத்த பொறி கொஞ்சம் நுட்பமானது. முதற் கட்டளையை ஃபோர்க் செய்து, அது முடியும்வரை காத்து, பிறகு இரண்டாவதைத் தொடங்குவது போல் எழுதத் தோன்றும். சின்ன வெளியீட்டுக்கு அது வடிவாக ஓடும். 1 முதல் 10,000 வரை எண்களை அச்சிடும் 'செக்' கட்டளையை எண்ணும் கட்டளையோடு இணைத்துப் பாருங்கள். வெளியீடு 48,894 பைட், விடை வரும். 100,000 வரை என்று மாற்றினால் வெளியீடு 588,895 பைட், ஷெல் அப்படியே நின்றுவிடும். லினக்ஸ் பைப்பின் வழமையான கொள்ளளவு 65,536 பைட். அது நிரம்பியதும் எழுதுபவர் நிற்பார். வாசிப்பவரோ இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே வரியில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் முதலில் தொடங்கி, தாய் வைத்திருக்கும் முனைகளை எல்லாம் மூடி, அதன் பிறகே காத்திருக்க வேண்டும்.

வலையமைப்பில் ஏற்றுதல்

சொக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் (திற, போர்ட்டில் கட்டு, காத்திரு, வருபவரை ஏற்றுக்கொள்) என்ற வரிசை எல்லாருக்கும் தெரியும். போர்ட் 7001ஐ எடுத்துக்கொள்வோம். 1024க்குக் கீழே போனால் நிர்வாகி உரிமை வேண்டும். போர்ட் எண்ணை வலையமைப்பு பைட் ஒழுங்குக்கு மாற்றும் எச்டன்எஸ் அழைப்பை விட்டுவிட்டால் சேர்வர் 7001க்குப் பதிலாக 22811இல் குந்தியிருக்கும். 'எஸ்எஸ்' கட்டளையால் பார்த்தால் அந்த விசித்திர எண் தெரியும். பைண்ட் செய்யுமுன் 'முகவரியை மீண்டும் பாவி' என்ற சொக்கெட் விருப்பத்தைப் போடுங்கள். இல்லாவிட்டால் சேர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது 'முகவரி ஏற்கெனவே பாவனையில்' என்று ஒரு நிமிடம் அளவில் மறித்துவிடும்.

மற்றவர்களால் இணைய முடியாவிட்டால் நிரலைக் குடையுமுன் இரண்டைப் பாருங்கள்: சேர்வர் கணினியின் யூஎஃப்டபிள்யூ தீச்சுவரில் 7001 திறந்திருக்கிறதா, ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் எல்லாரும் நிற்கிறார்களா. விருந்தினர் வைஃபை பெரும்பாலும் ஒரு கருவி இன்னொரு கருவியோடு கதைப்பதைத் தடுத்துவைக்கும்.

யாருக்காகவும் நில்லாத சேர்வர்

ஆளுக்கொரு புறொசெஸ் கொடுத்துப் பகிர்ந்த நினைவகத்தில் செய்தி பரிமாறலாம், அல்லது ஒரே புறொசெஸில் 'போல்' அழைப்பை (பல டிஸ்க்ரிப்டர்களில் எது தயார் என்று சொல்வது) வைத்து எல்லாரையும் கவனிக்கலாம். புதியவர்களுக்கு இரண்டாவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கதைக்கும் வசதிக்கு எல்லாருடைய விபரமும் ஒரே அட்டவணையில் இருப்பது பெரும் ஆறுதல். பூட்டுகளோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பழைய 'செலக்ட்' அழைப்பும் போதும், ஆனால் அது 1023க்கு மேற்பட்ட டிஸ்க்ரிப்டர் எண்களைத் தாங்காது.

அட்டவணையில் 30 இடம் வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் சொக்கெட் எண், பெயர், அவருக்கேயான சூழல் மாறிகள், முழு வரி சேரும்வரை பைட்டுகளை வைத்திருக்கும் பஃபர், இப்போது ஓடும் கட்டளையின் குழு எண் ஆகியவை இருக்கட்டும். வரிப் பஃபர் கட்டாயம் வேண்டும். டிசிபி என்ற இணைப்பு முறை தருவது பைட்டுகளின் தொடர் ஓட்டம், வரிகள் அல்ல. ஒரு வரி இரண்டு துண்டாக வரலாம், மூன்று வரி ஒன்றாகவும் வரலாம். ஒரு வாசிப்பு ஒரு வரி என்று நம்பிய நிரல் தன் கணினியில் சரியாக ஓடிவிட்டு, வைஃபையில் வைத்துச் சோதிக்கும் நாளில் குழப்பும். 4,096 பைட் வந்தும் வரி முடியாவிட்டால் அந்த வரியைத் தூக்கி எறியுங்கள்.

இப்போது மையப் பிரச்சினைக்கு வருவோம். ஒருவர் நூறு விநாடி உறங்கும் கட்டளையைக் கொடுக்கிறார். ஒருவருக்கான ஷெல்லில் எழுதிய அதே வெயிட்பிஐடி இங்கும் இருந்தால் அறையிலுள்ள அத்தனை பேரும் நூறு விநாடி உறைந்துவிடுவார்கள். எனவே சேர்வர் கட்டளையைத் தொடங்கிவிட்டு உடனே போல் அழைப்புக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை முடிந்ததை அறியச் சிக்சைல்ட் சிக்னல் இருக்கிறது. சிக்னல் கையாளிக்குள் பெரிய வேலை எதுவும் செய்யாதீர்கள். சேர்வர் தனக்குத் தானே ஒரு பைப் திறந்து வைத்திருக்கட்டும். கையாளி அதில் ஒரே ஒரு பைட் எழுதட்டும். அந்தப் பைப்பின் வாசிக்கும் முனையும் போல் பட்டியலில் இருப்பதால் சேர்வர் விழித்து, காத்திராத வகை வெயிட்பிஐடியைச் சுழலில் அழைத்து, முடிந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, உரியவருக்கு அடுத்த கட்டளையைக் கேட்கும் '%' அடையாளத்தைக் காட்டும். சுழல் அவசியம்: மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் முடிந்தாலும் ஒரு சிக்னல் மட்டும் வரக்கூடும். சிக்னல் வந்ததால் போல் அழைப்பு -1 தந்தால் அது பிழையல்ல, மறுபடி அழையுங்கள்.

கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவர் கதைக்கலாம். கதைக்கும் கட்டளைகள் சேர்வருக்குள்ளேயே நடப்பவை. ஆனால் ஓடுவதை நிறுத்த அவருக்கு வழி வேண்டும். கன்ட்ரோல்-சி அடித்தால் சாவது அவருடைய நெட்கேட்தான், சேர்வரில் ஓடும் கட்டளை அல்ல. ஒவ்வொரு வரியின் பிள்ளைகளையும் ஒரே புறொசெஸ் குழுவில் போட்டு, 'நிறுத்து' என்று தட்டினால் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்புங்கள். ஆள் இணைப்பை விட்டுப் போனாலும் அதையே செய்யுங்கள்.

இந்த இடத்தில் கவனிக்காமல் விடப்படும் நாலு விடயங்கள் உண்டு.

சிக்பைப்: வெளியேறிவிட்டவரின் சொக்கெட்டில் எழுதினால் சேர்வரே செத்துவிடும். அதனால் இந்தச் சிக்னலைப் புறக்கணிக்கச் சொல்வார்கள், சரிதான். ஆனால் புறக்கணிப்பு எக்ஸெக்கைத் தாண்டியும் பிள்ளைக்குப் போகும். முடிவில்லாமல் அச்சிடும் 'யெஸ்' கட்டளையை முதல் பத்து வரியை மட்டும் எடுக்கும் 'ஹெட்'டோடு இணைத்தால் 'யெஸ்' அமைதியாக ஒழியாமல் பிழைச்செய்தி காட்டும். பிள்ளையில் எக்ஸெக்குக்கு முன் சிக்பைப்பை இயல்புக்குத் திருப்புங்கள்.

காத்திராத சொக்கெட்: ஒருவர் வாசிக்காமல் இருந்தால் அவருக்கு எழுதும் சேர்வர் நின்றுவிடும். அதற்காகச் சொக்கெட்டையே காத்திராத நிலைக்கு மாற்றினால் வேறொன்று உடையும். அந்த நிலை பிள்ளைக்கும் பொதுவானது. பெரிய கோப்பைக் காட்டும் கட்டளை பாதியில் 'தற்காலிகமாகக் கிடைக்கவில்லை' என்று விழும். சொக்கெட்டை அப்படியே விட்டு, சேர்வரின் சென்ட், ரிசீவ் அழைப்புகளுக்கு மட்டும் 'காத்திராதே' கொடியைக் கொடுங்கள். போகாமல் மிஞ்சியதை அவருடைய வரிசையில் வைத்து, அது 64 கிலோபைட்டைத் தாண்டினால் இணைப்பைத் துண்டியுங்கள்.

உள்ளீடு: கோப்பைக் காட்டும் 'கேட்' கட்டளையை ஒருவர் கோப்புப் பெயர் இல்லாமல் கொடுத்தால் அது சொக்கெட்டில் இருந்து வாசிக்கத் தொடங்கும், சேர்வரும் அதே சொக்கெட்டில் வாசிக்கும். தட்டும் வரிகளில் சில அங்கும் சில இங்கும் போகும். வரியின் முதற் கட்டளைக்கு உள்ளீடாக, வாசித்தால் உடனே முடிந்துவிடும் டெவ்-நல் கோப்பைக் கொடுங்கள்.

மூடுதல்: அக்செப்ட்4 அழைப்பில் 'எக்ஸெக்கில் மூடு' கொடியைப் போடுங்கள். போடாவிட்டால் ஒருவர் இயக்கும் கட்டளைக்கு மற்ற எல்லாருடைய சொக்கெட்டும் திறந்த நிலையில் கையளிக்கப்படும். வெளியேறியவரின் இணைப்பும் மூடாமல் இழுபடும்.

கரண்ட் போவதையும் கணக்கில் எடுங்கள். ரவுட்டர் அணைந்ததும் மறுபக்கத்தில் இருப்பவர் மறைந்துவிடுவார், சேர்வருக்கு அது தெரியவே தெரியாது. அவர் திரும்பி வந்தால் தன் பழைய பெயரைத் தானே பிடித்துவைத்திருப்பார். மறுபக்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்கும் லினக்ஸின் உயிர்ச்சோதனையைச் சொக்கெட்டில் இயக்கிவிடுங்கள். இயக்கினாலும் அது வழமையில் 7,200 விநாடிக்குப் பிறகே தொடங்கும். அதை 60 விநாடி, இடைவெளி 10, மூன்று முறை என்று மாற்றினால் ஒன்றரை நிமிடத்தில் இடம் காலியாகும்.

கதைக்கும் கட்டளைகள்

நாலு போதும்: 'யார்', 'பெயர்', 'சொல்', 'கூவு'. உள்ளே வருபவருக்கு அட்டவணையில் காலியான மிகச் சிறிய இலக்கம் கிடைக்கும். பெயர் வைக்காதவர் 'பெயரிலி'. ஊர்ப்பெயரில் நிற்பவர்கள் இரண்டு பேரின் திரை இப்படி இருக்கும். முதலாவது, 3ஆம் இலக்கத்தில் நிற்பவருடையது:

% பெயர் கோப்பாய்
* இலக்கம் 3 இனிக் கோப்பாய் *
% யார்
1 நல்லூர்
2 பெயரிலி
3 கோப்பாய் (நீங்கள்)
% சொல் 1 அண்ணை, நீங்கள் கேட்ட கோப்பு கிடக்கு, அனுப்பட்டோ?

இலக்கம் 1இன் திரையில்:

* கோப்பாய் உங்களுக்கு: அண்ணை, நீங்கள் கேட்ட கோப்பு கிடக்கு, அனுப்பட்டோ? *
% சொல் 3 ஓம் தம்பி, அனுப்பும்.

'சொல்', 'கூவு' இரண்டிலும் செய்தியை இடைவெளியில் உடைக்காதீர்கள். இலக்கத்துக்குப் பிறகு வரும் வரி முழுவதும் செய்தி. பைப் குறியைத் தேடுமுன் இவற்றைப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செய்திக்குள் '|' வந்ததும் மிச்சம் கட்டளையாக ஓடும்.

ஒருவர் அனுப்பியதை அப்படியே அடுத்தவர் திரைக்குத் தள்ளுவது ஆபத்து. 27 என்ற மதிப்புள்ள பைட்டில் (எஸ்கேப்) தொடங்கும் தொடர்கள் திரையை அழிக்கும், நிறத்தை மாற்றும், சேர்வர் சொன்னது போல் பொய்ச்செய்தி காட்டும். செய்தியிலும் பெயரிலும் 32க்குக் குறைந்த பைட்டுகளையும் 127ஐயும் நீக்குங்கள்.

தமிழ் பைட்டுகள்

கட்டளைப் பெயர் தமிழில் இருப்பதற்குச் சிறப்பாக எதுவும் செய்யத் தேவையில்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்: முதலாவது எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128க்கும் 191க்கும் இடையில். 'க' என்பது 224, 174, 149. இவற்றில் எதுவும் இடைவெளியோடோ '|' குறியோடோ மோதாது. ஆகவே வரியை உடைக்கும் நிரல் அப்படியே வேலை செய்யும். பிழை வருவது 'எழுத்தா?' என்று கேட்கும் பழைய சி சோதனைகளால். அவை 127க்கு மேற்பட்டதை எழுத்தாக ஏற்காது, தமிழ் முழுவதையும் குப்பை என்று வீசும். அனுமதிப்பட்டியல் எழுதாமல், வேண்டாதவற்றை மட்டும் நீக்குங்கள்.

நீள எல்லை அடுத்தது. 'யாழ்ப்பாணம்' என்பதில் 11 குறிகள், 33 பைட். பெயருக்கு 20 பைட் என்று ஒதுக்கி அதற்கு மேல் வெட்டினால் ஏழாவது குறி நடுவில் அறுந்து, எல்லாருடைய 'யார்' பட்டியலிலும் கறுப்புக் கட்டம் தெரியும். குறியின் எல்லையைப் பார்த்து வெட்டினாலும், மெய்யைத் தனியே விட்டு உயிர்க்குறியை அறுத்துப் பெயரையே மாற்றிவிடக்கூடும். எனவே வெட்டாதீர்கள். 60 பைட்டைத் தாண்டினால் 'பெயர் நீளம்' என்று மறுத்துவிடுங்கள்.

ஒரே பெயரை இரண்டு பேர் வைக்கக் கூடாது என்ற சோதனையிலும் ஓட்டை உண்டு. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒற்றைக் குறியில் 'கோப்பாய்' 24 பைட், இரண்டாக எழுதினால் 27 பைட். பைட் ஒப்பீடு இரண்டையும் வேறு பெயர்கள் என்று விட்டுவிடும், ஒருவர் இன்னொருவராக நடிக்கலாம். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றையும் ஒற்றைக் குறியாக ஒருமுகப்படுத்திய பின் ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இணைப்புக் குறிகளைப் பெயரில் மறுத்துவிடுங்கள்.

இயக்கும் கட்டளைகளையும் தமிழாக்கலாம். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு சாய்கோடும் சுழியப் பைட்டும் மட்டுமே ஆகாதவை. ஒரு கோப்புறையில் 'பட்டியல்', 'காட்டு', 'எண்ணு', 'ஒழுங்கு' என்று சின்னச் சின்ன ஷெல் நிரல்களை வைத்து, உரிய கட்டளையை அவை அழைக்கும்படி எழுதுங்கள். இணைப்புக் கோப்பு சுருக்கமான வழிதான். ஆனால் பிசிபொக்ஸ் போல ஒரே நிரல் பல பெயரில் இயங்கும் இடத்தில், அழைத்த பெயர் புரியாமல் அது விழுந்துவிடும். சூழல் மாறிகளை ஆளுக்காள் துடைத்து அமைக்கும்போது மொழி அமைப்பையும் யூடிஎஃப்-8க்கு வையுங்கள். மறந்தால் குறிகளை எண்ணும் 'எண்ணு' கட்டளை 'யாழ்ப்பாணம்' என்பதற்கு 11 என்னாமல் 33 என்னும்.

சில முனைய நிரல்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்து தெரியும். அது திரை வரையும் நிரலின் குறை, உங்கள் சேர்வரில் தேடாதீர்கள்.

ஆளுக்காள் பைப்

'பட்டியல் >1' என்று 3ஆம் ஆள் தட்டினால் வெளியீடு 1ஆம் ஆளுக்குப் போகும். அவர் 'எண்ணு <3' என்று எடுத்துக்கொள்வார். குறிக்கும் இலக்கத்துக்கும் இடையில் இடைவெளி இருந்தால் '1' என்ற பெயருள்ள கோப்பு என்று கொள்ளுங்கள். சேர்வர் 30க்கு 30 அட்டவணை ஒன்றில் இந்தப் பைப்புகளை வைத்திருக்க வேண்டும். எழுதும் முனையைப் பிள்ளைக்குக் கொடுத்தவுடன் மூடுங்கள், வாசிக்கும் முனை எடுப்பவருக்காக நிற்கட்டும். ஏற்கெனவே ஒன்று நிற்கும்போது இரண்டாவதை மறுத்துவிடுங்கள். 65,536 பைட் நிரம்பினால் அனுப்பியவரின் கட்டளை எடுப்பவர் வரும்வரை நிற்கும். சேர்வர் நிற்காது, அதனால் பரவாயில்லை. இருவரில் ஒருவர் வெளியேறினால் அவரோடு சேர்ந்த பைப்புகள் எல்லாவற்றையும் மூடுங்கள். இல்லையென்றால் அதே இலக்கத்துக்குப் புதிதாக வருபவர் முன்னவருக்கு வந்ததை எடுத்து வாசிப்பார்.

பூட்ட வேண்டியவை

கடவுச்சொல் இல்லை, மறையாக்கம் இல்லை. அறைக்குள் மட்டும், ரவுட்டரில் இருந்து வெளி இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். நிர்வாகிக் கணக்கில் ஓட்டாதீர்கள், இதற்கென்று ஒரு கணக்கு உருவாக்குங்கள், முடிந்தால் கொள்கலனுக்குள் (கணினியின் மிச்சத்தில் இருந்து பிரித்து ஓட்டும் சூழலுக்குள்) வையுங்கள். கட்டளைத் தேடும் பாதையைச் சுருக்கிவிட்டோம் என்று நம்பி இருக்க வேண்டாம்: கட்டளையில் சாய்கோடு இருந்தால் எக்ஸெக்விபி பாதையைப் பார்க்காமல் நேரே அந்தக் கோப்பை இயக்கும். சாய்கோடு உள்ள கட்டளைப் பெயர்களை மறுத்துவிடுங்கள். 'ஃபைண்ட்', 'ஓக்' போன்றவற்றால் வேறு நிரல்களை அழைக்க முடியும், அவற்றைக் கோப்புறையில் சேர்க்காதீர்கள். புறொசெஸ் எண்ணிக்கைக்கு ஓர் உச்ச எல்லை, ஒவ்வொரு கட்டளைக்கும் சிபியூ நேரம் 10 விநாடி, கோப்பு அளவுக்கு ஒரு வரம்பு. எண்ணிக்கை எல்லை கணக்குக்கு ஒன்று என்பதால் 30 பேரும் அதைப் பகிர்வார்கள், 200 அளவில் வைத்தால் போதும்.

சோதித்துப் பார்க்க

மூன்று முனையங்களைத் திறந்து இந்த ஒழுங்கில் செய்யுங்கள். ஒன்றில் நூறு விநாடி உறக்கம். மற்ற இரண்டும் அந்த நேரத்தில் கதைக்க முடிய வேண்டும். 100,000 வரை எண்களை 'எண்ணு'வோடு இணையுங்கள். 'யெஸ்' ஓடவிட்டு 'நிறுத்து' கொடுங்கள். ஒரு நெட்கேட்டைக் கன்ட்ரோல்-இசட் அடித்து உறங்கவைத்து, மற்றொன்றில் இருந்து பெரிய செய்திகளாகக் கூவிக்கொண்டே இருங்கள். உறங்குபவர் மட்டும் துண்டிக்கப்பட வேண்டும். கட்டளை ஓடும்போதே நெட்கேட்டைக் கொல்லுங்கள், பிறகு சேர்வர் கணினியில் புறொசெஸ் பட்டியலைப் பாருங்கள். 'டிஃபங்க்ட்' (முடிந்தும் சேர்வர் பொறுக்கி எடுக்காத பிள்ளை) என்று ஒன்றும் நிற்கக் கூடாது. கடைசியாக, லினக்ஸ் ஒவ்வொரு புறொசெஸின் விபரத்தையும் காட்டும் புறொக் கோப்புறையில் சேர்வரின் திறந்த டிஸ்க்ரிப்டர்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஐம்பது முறை உள்ளே வந்து வெளியேறிவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண் கூடியிருந்தால் எங்கோ ஒரு மூடல் விடுபட்டிருக்கிறது. அநேகமாக ஆளுக்காள் பைப் பகுதியில் இருக்கும், அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.